அப்பாவுக்கு நேர்ந்தது சித்தப்பாவுக்கும் நேருமா?

42 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவருடைய அப்பாவுக்கு 74 வயது. இதய நோய் என்று எதுவும் இருந்ததில்லை. ரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை, அதையும் நினைத்தால்தான் போடுவார். ஒருநாள் மாலை மேல்வயிற்றில் எரிச்சல், கூடவே வியர்வை. வாயுத் தொல்லை என்று ஒரு மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். இரவில் தோள் வலிக்கிறது என்றதும் மகன் ஒரு வலி மாத்திரை கொடுத்திருக்கிறார். மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போகும்போது 16 மணி நேரம் கடந்திருந்தது. இதயத்தின் முன்பக்கச் சுவரைத் தாக்கிய பெரிய மாரடைப்பு என்று ஈ.சி.ஜி. காட்டியது. முழுக்க அடைபட்டிருந்த ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ‘பம்பிங்’, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை வெளித்தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம். மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள்.

நான்காம் நாள் விடியற்காலையில் இரண்டு முறை வாந்தி, இருப்புக்கொள்ளாத தவிப்பு, மறுபடியும் நெஞ்சுவலி. அம்மா கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துப்போய்த் திரும்பிய சில நிமிடங்களில் அப்பா சரிந்து விழுந்தார். இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியிருப்பதை எக்கோ காட்டியது. ஊசி வழியாக அதை எடுக்க முயன்றும் பலனில்லை. ‘இதயச் சுவர் கிழிந்துவிட்டது’ என்றார்கள். பிரேதப் பரிசோதனை செய்யவில்லை.

அன்றிலிருந்து அம்மா ‘நான்தான் நடக்க வைத்துக் கொன்றேன்’ என்கிறார். தம்பி, ஸ்டென்ட் கம்பி குத்திவிட்டது என்கிறார். உறவினர்கள், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைதான் காரணம் என்கிறார்கள். இதற்கிடையில் 61 வயது சித்தப்பாவுக்கும் மாரடைப்பு வந்து, 90 நிமிடத்தில் மருத்துவமனை சேர்ந்து, ஸ்டென்ட் வைத்து, 50 சதவீத பம்பிங்கோடு வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. நான்கு நாட்களாகக் குளோபிடோக்ரெல் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள், ஆஸ்பிரின் மட்டும் தொடர்கிறது. செய்தது சரியா, மருத்துவமனை மீது புகார் செய்யலாமா, எனக்கும் இப்படி வருமா என்று கேட்டிருக்கிறார் வாசகி.

முதலில் சித்தப்பாவின் மாத்திரை

அன்புள்ள சகோதரி, உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். அப்பாவைப் பற்றிய பதில் ஒரு வாரம் காத்திருக்கலாம், சித்தப்பாவின் மாத்திரை ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அதனால்தான் இந்தப் பதில் வெளியாகும் முன்பே இந்த ஒரு பகுதியை மட்டும் உங்களுக்குத் தனியே அனுப்பச் சொன்னேன்.

ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் விரித்து வைத்த உலோக வலை. அதன்மேல் குழாயின் உள்தோல் வளர்ந்து மூடும்வரை, ரத்தத் தட்டணுக்கள் அந்த உலோகத்தில் ஒட்டிக் கட்டியாக உறையப் பார்க்கும். ஆஸ்பிரின் ஒரு வழியில் இதைத் தடுக்கிறது, குளோபிடோக்ரெல் வேறொரு வழியில் தடுக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்டுக்கு இரண்டும் சேர்ந்து பொதுவாக ஓராண்டு தேவை. ரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு மருத்துவர் காலத்தைக் குறைப்பதுண்டு. முதல் மாதத்தில் ஒன்றை நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைபடும் ஆபத்து மிக அதிகம். அப்படி அடைபட்டால் அது இன்னொரு மாரடைப்பு, பெரும்பாலும் முதலாவதைவிடப் பெரியது. எந்தச் சுவர் கிழியக் கூடாது என்று பயந்து மாத்திரையை நிறுத்தினீர்களோ, அந்தச் சுவரையே மறுபடி சாகவிடும் வேலை அது.

இன்றே அவருடைய இதய மருத்துவரை அழைத்து, ‘நான்கு நாள் விட்டுப்போயிற்று’ என்று உள்ளபடி சொல்லுங்கள். முதல் வேளைக்கு மட்டும் கூடுதல் அளவு தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். விட்டுப்போனதையெல்லாம் கணக்குப் போட்டு நீங்களாக ஒரே நேரத்தில் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவரைப் பிடிக்க முடியவில்லை என்றால் சிகிச்சை தந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவையே கேளுங்கள். இதற்கிடையில் நெஞ்சில் வலியோ அழுத்தமோ வந்தால் தொலைபேசியில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், ஆம்புலன்ஸை வரவழையுங்கள்.

சுவர் ஏன் நான்காம் நாள் கிழிகிறது

அடைப்பு ஏற்பட்டு ஏறக்குறைய அரை மணி நேரத்தில் இதயத் தசை சாகத் தொடங்குகிறது. சுவரின் உள்பக்கம் முதலில் சாகும், பிறகு சாவு வெளிப்பக்கம் நோக்கிப் பரவும். இடது கீழறையின் சுவர் ஒரு சென்டிமீட்டர் அளவு தடிமன்தான். ஆறு மணி நேரத்துக்குள் அதில் பெரும்பகுதி போய்விடும், 12 மணி நேரம் ஆனபின் மீட்க மிஞ்சுவது கொஞ்சமே. விரைவாகக் குழாயைத் திறந்தால் உள்பக்கம் செத்தாலும் வெளிப்பக்கம் ஒரு பட்டை உயிரோடு நிற்கும். அந்தப் பட்டைதான் கிழியாமல் காக்கிறது. முழுத் தடிமனும் செத்த சுவர்தான் கிழியும்.

செத்த தசை அப்படியே கிடப்பதில்லை. முதல் நாளிலேயே வெள்ளணுக்கள் வந்து அதைக் கரைக்கத் தொடங்குகின்றன. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை பழையது பாதி அகற்றப்பட்டிருக்கும், புதிய நார்த்திசு இன்னும் உருவாகியிருக்காது. சுவர் மிக மென்மையாக இருக்கும் நாட்கள் இவை. அதே நேரம் பக்கத்திலுள்ள நல்ல தசை பலமாகச் சுருங்கிக்கொண்டே இருப்பதால், உயிருள்ள பகுதியும் செத்த பகுதியும் சந்திக்கும் விளிம்பில் இழுவிசை குவிகிறது. கிழிசல் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் விழுகிறது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே கிழிவதும் உண்டு. இரண்டு வாரங்களுக்குப் பிறகு அரிது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் அந்த இடம் உறுதியான தழும்பாகிவிடும்.

யாருக்கு இது வருகிறது என்பதில் பலருக்கு வியப்பூட்டும் ஒரு விஷயம் உண்டு. ஏற்கெனவே இதய நோயாளியாக இருந்தவரைவிட, ‘ஒரு நாளும் நெஞ்சுவலி என்று சொன்னதில்லை’ என்பவருக்கே கிழியும் வாய்ப்பு அதிகம். நெடுநாள் அடைப்பு உள்ளவர்களின் இதயம் பக்கவழிகளாகச் சிறு குழாய்களை வளர்த்து வைத்திருக்கும். திடீரென முதல் மாரடைப்பு வருபவருக்கு அந்தத் துணை இல்லை. அதிக வயது, பெண்ணாக இருத்தல், முன்பக்கச் சுவர் மாரடைப்பு, மாரடைப்பின்போது உயர்ந்தே நின்ற ரத்த அழுத்தம், தாமதமான சிகிச்சை ஆகியவை மற்ற காரணங்கள். இன்று மாரடைப்பு வந்தவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே கிழிசல் ஏற்படுகிறது. அடைப்பை அவசரமாகத் திறக்கும் சிகிச்சைகள் வருவதற்கு முன் இது பல மடங்கு அதிகமாக இருந்தது.

வீட்டில் எழுந்த குற்றச்சாட்டுகள்

*அம்மா நடக்க வைத்தது.* இதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் அந்த மென்மையான இடத்தின்மேல் முழு ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. தூக்கத்திலும் படுத்த நிலையிலும் சுவர் கிழிந்தவர்கள் ஏராளம். முக்குவது, இருமுவது போன்றவை கடைசிக் கணத்தைச் சற்று முன்னே இழுத்திருக்கலாமே தவிர, அவை சுவரைச் சாகடிப்பதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் வாந்தி, தவிப்பு, திரும்பி வந்த வலி ஆகிய மூன்றும் கழிப்பறைக்குப் போவதற்கு முன்பே வந்தவை. என் கணிப்பில் கசிவு அப்போதே தொடங்கியிருந்தது. அம்மாவிடம் ‘உங்கள் தப்பில்லை’ என்று மட்டும் சொன்னால் அது ஆறுதல் வார்த்தையாகவே நிற்கும். இந்த நேர வரிசையை எடுத்துச் சொல்லுங்கள்.

*ஸ்டென்ட் குத்தியது.* ஆஞ்சியோபிளாஸ்டியின்போது, அதாவது அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைக்கும்போது, ரத்தக்குழாயில் ஓட்டை விழுவது உண்மையிலேயே நடக்கக்கூடிய ஒன்று. ஆனால் அது பெரும்பாலும் மேசையிலேயே, செலுத்திய சாயம் குழாய்க்கு வெளியே கசிவதாகத் திரையில் தெரிந்துவிடும். தாமதமாகத் தெரிந்தாலும் சில மணி நேரங்களில் ரத்த அழுத்தம் இறங்கி வெளிப்படும். மூன்று நாள் நன்றாக இருந்து, தசை மிக மென்மையாகும் நாளில், முன்பக்க மாரடைப்பு வந்த 74 வயதுக்காரருக்கு நேர்ந்தது சுவர்க் கிழிசலின் வழக்கமான தோற்றம். பிரேதப் பரிசோதனை இல்லாமல் நூறு சதவீதம் சொல்ல முடியாது. தம்பிக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால் ஆஞ்சியோகிராம் பதிவின் பிரதியை வாங்கி வேறொரு இதய மருத்துவரிடம் காட்டட்டும். சாயக் கசிவு இருந்ததா இல்லையா என்பது அதில் இருக்கும்.

*ரத்தம் நீர்க்கும் மாத்திரை.* இந்தப் பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது. இவை ரத்தத்தையும் நீர்க்கச் செய்வதில்லை, தசையையும் கரைப்பதில்லை. உறைதலை மட்டும் தடுக்கின்றன. கிழிந்தபின் கசிவை இவை வேகப்படுத்தலாம் என்பது உண்மை, ஆனால் கிழிசலை உண்டாக்குவதில்லை. உறைகட்டியைக் கரைக்கும் ஊசி வேறு வகை. அதை மிகத் தாமதமாகப் போட்டால் கிழிசல் அபாயம் கூடும் என்று கருதப்படுகிறது. அப்பாவுக்கு அந்த ஊசி போட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

*தம்பி கொடுத்த வலி மாத்திரை.* இதை நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தீர்கள், தம்பிக்கு அது உறுத்துகிறது என்று புரிகிறது. ஒரு மாத்திரையால் சுவர் கிழியாது. ஆனால் மாரடைப்புக்குப் பின் டைக்குளோபினாக், ஐபுபுரூபன் போன்றவற்றை விலக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவை தழும்பு உருவாவதைத் தடுக்கக்கூடும், மறுபடி மாரடைப்பு வரும் வாய்ப்பையும் இரைப்பையில் ரத்தக்கசிவையும் கூட்டும். ஐபுபுரூபன் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். சித்தப்பாவுக்கு மூட்டு வலி, தலைவலி என்றால் பாராசிட்டமால் போதும்.

இதில் யாரும் சொல்லாமல் விட்ட ஒன்று அந்த 16 மணி நேரம். மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. சுவரின் விதியை அதிகம் தீர்மானித்தது அதுதான். ஆனால் மேல்வயிற்று எரிச்சலோடு வரும் மாரடைப்பை நோயாளியும் வீட்டாரும் மட்டுமல்ல, சில சமயம் மருத்துவர்களே வாயு என்று நினைத்துவிடுகிறார்கள். அதைக் குற்றமாகச் சுமக்க வேண்டாம். அடுத்த முறை யாருக்காவது வந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அது பயன்படட்டும்.

காப்பாற்றியிருக்க முடியுமா, புகார் செய்யலாமா

சுவர் முழுதாக வெடித்தால் சில நிமிடங்களே கிடைக்கும். இதயத்தைச் சுற்றியுள்ள உறை சட்டென்று விரியாது. 150 முதல் 200 மில்லி ரத்தம் வேகமாகச் சேர்ந்தாலே இதயம் விரிந்து நிரம்ப இடமில்லாமல் போகும். மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்றாலும், நிரம்பாத இதயத்திலிருந்து வெளியேற ரத்தம் இருக்காது. ஊசி போட்டு எடுப்பது அறுவை அரங்குக்குப் போகும்வரை நேரம் வாங்கும் வழி மட்டுமே. உறைக்குள் ரத்தம் கட்டியாகிவிட்டால் ஊசியில் அதுவும் வராது.

சிலருக்கு மட்டும் மெல்லக் கசியும். அவர்களுக்கு அவகாசம் உண்டு. காரணமில்லாத வாந்தி, இனம் தெரியாத தவிப்பு, மீண்டும் வலி, இறங்கும் ரத்த அழுத்தம், புடைத்த கழுத்து நரம்பு ஆகியவற்றைக் கண்டு உடனே எக்கோ எடுத்தால் உறைக்குள் ரத்தம் தெரியும். உடனடி அறுவையில் கிழிசலின்மேல் ஒட்டுத் துணி வைத்து மூட முடியும். அந்த அறுவையும் எளிதல்ல. ஊறிய காகிதத்தில் தையல் போடுவதைப் போல நூல் தசையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் சில இடங்களில் தையலைத் தவிர்த்துத் திசுப் பசையால் ஒட்டுகிறார்கள். நல்ல வசதியுள்ள இடங்களிலும் பலர் இறக்கிறார்கள்.

ஆகவே சுவர் கிழிந்தது என்பது மட்டுமே மருத்துவமனையின் அலட்சியத்துக்குச் சான்றாகாது. 16 மணி நேரத்துக்குப் பிறகும் குழாயைத் திறந்ததும் தவறல்ல. 12 மணி நேரம் கடந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் வருபவர்களுக்கு அதைச் செய்வது ஏற்கப்பட்ட நடைமுறை. கேட்க வேண்டிய நியாயமான கேள்வி ஒன்றுதான்: அன்று விடியற்காலையில் வாந்தியும் வலியும் வந்தபோது என்ன செய்தார்கள்?

வழக்கு, புகார் என்று போவதற்கு முன் மருத்துவக் கோப்பின் முழுப் பிரதியைக் கேளுங்கள். நோயாளி இறந்தபின் வாரிசுகள் அதைக் கேட்கலாம். செவிலியர் குறிப்பில் வாந்தி பதிவாகியிருக்கிறதா, அந்த நேரத்தின் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் என்ன, மருத்துவரை எத்தனை மணிக்கு அழைத்தார்கள், ஈ.சி.ஜி. திரும்ப எடுத்தார்களா, மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றும்முன் எக்கோ செய்தார்களா என்று பாருங்கள். பிறகு சிகிச்சை தந்த மருத்துவரோடு ஒரு சந்திப்புக் கேளுங்கள், கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். அறிகுறிகள் சொல்லப்பட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் வந்து பார்க்கவில்லை என்று கோப்பே சொன்னால், அப்போது சட்ட ஆலோசனை பெறுவது அர்த்தமுள்ளது. சொன்ன பத்து நிமிடத்தில் எல்லாம் நடந்து முடிந்திருந்தால், வழக்கு உங்களை இன்னும் சில ஆண்டுகள் அந்த வார்டிலேயே நிறுத்தி வைக்கும் என்பது என் கருத்து.

சித்தப்பா, அம்மா, நீங்கள்

சித்தப்பாவின் நிலை வேறு. 90 நிமிடத்தில் மருத்துவமனை சேர்ந்தார், பம்பிங் 50 சதவீதம், மூன்று வாரம் கடந்துவிட்டது. கிழிசலுக்கான காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அவரைக் கட்டிலில் வைத்திருப்பது பாதுகாப்பல்ல. காலில் ரத்தம் உறைதல், நுரையீரல் தொற்று, தசை இளைத்தல், மனச்சோர்வு ஆகியவைதான் அதில் கிடைப்பவை. மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றி, சமதளத்தில் 5 முதல் 10 நிமிடம் நடையில் தொடங்கி, நாளுக்குச் சில நிமிடங்களாகக் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், அந்த வேகம் போதும். கனமான பொருள் தூக்குவதும் மலச்சிக்கலோடு முக்குவதும் இப்போதைக்கு வேண்டாம். பீட்டா தடுப்பான், ரத்த அழுத்தம் குறைக்கும் மாத்திரை போன்றவை எழுதித் தந்திருந்தால் அவையும் தொடரட்டும், இதயச் சுவரின்மேல் விழும் சுமையைக் குறைப்பவை அவைதான்.

திடீர் மூச்சிரைப்பு, படுக்க முடியாத நிலை, மயக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் தாமதிக்காதீர்கள். கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் கிழிவதும், இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் தசை அறுவதும் இப்படித்தான் வெளிப்படும். அவையும் பெரும்பாலும் முதல் வாரத்தில் வருபவை என்பதால் சித்தப்பாவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இதே அறிகுறிகள் ஸ்டென்ட் அடைபட்டாலும் வரும்.

உண்மையில் நான் கவலைப்படுவது அம்மாவைப் பற்றித்தான். 69 வயது, நீரிழிவு என்று எழுதியிருக்கிறீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல், களைப்பாக, மூச்சிரைப்பாக, வயிற்றுக் குமட்டலாக வரலாம். தாடைக்கும் தொப்புளுக்கும் இடையில் எங்கேயும் புதிதான ஓர் அசௌகரியம் 15 நிமிடத்துக்கு மேல் நீடித்து, வியர்வையோ மூச்சிரைப்போ சேர்ந்தால், வாயு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒவ்வாமையோ ரத்தக்கசிவு நோயோ இல்லையென்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். மருத்துவமனை சேர்ந்து 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும், இதயத் தசை சேதமானதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

உங்களுக்கு என்றால், சுவர் கிழிவது பரம்பரையாக வருவதில்லை. அடைப்பு வரும் போக்கில் பரம்பரைக்குப் பங்குண்டு. ஆனால் பெற்றோர், உடன்பிறந்தவர்களில் ஆணுக்கு 55 வயதுக்கு முன், பெண்ணுக்கு 65 வயதுக்கு முன் வந்திருந்தால்தான் அதைக் குடும்ப வரலாறு என்று தனியாகக் கணக்கிடுகிறோம். அப்பாவுக்கு வந்தது 74இல். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், தம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். பயத்தில் நேராக ஆஞ்சியோகிராமுக்குப் போக வேண்டியதில்லை.

சித்தப்பாவுக்கு மாரடைப்பு வந்த நாளிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஓர் எக்கோ எடுக்கச் சொல்வார்கள், தவறவிடாதீர்கள். அறிக்கையில் பம்பிங் சதவீதத்தோடு நின்றுவிடாமல், சுவர் எங்காவது மெலிந்தோ வெளியே புடைத்தோ இருக்கிறதா, இதய உறைக்குள் நீர் இருக்கிறதா என்று கேளுங்கள். சிறு கிழிசலை உறையே ஒட்டி மூடிக்கொண்டு பை போலத் தொங்குவது அரிதாக இப்படித்தான் பிடிபடும். அதற்கு அறுவை தேவைப்படலாம். எதுவும் இல்லை என்று எழுதியிருந்தால், அந்த அறிக்கையின் ஒரு பிரதியை அம்மாவின் கையில் கொடுங்கள்.